கும்பிடு பூச்சிக்கு வீடு: கூரையிலிருந்து தொடங்குவோம்

[காட்சி: பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. மூடியின் உட்பக்கத் துணியில் தலைகீழாகத் தொங்கும் பச்சை நிறக் கும்பிடு பூச்சி.]

வணக்கம். இந்தப் பூச்சி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தரையில் இல்லை, உள்ளே வைத்த குச்சியிலும் இல்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறது. கும்பிடு பூச்சி, சிலர் வாயில் தயிர்க்கடைப் பூச்சி, நாளின் பெரும்பகுதியை இப்படித்தான் கழிக்கும். இரை பிடிப்பது, தின்பது, தோல் உரிப்பது எல்லாம் அங்கேயேதான். அதனால் இதற்கு வீடு செய்யும்போது கூரையை முதலில் யோசிக்க வேண்டும்.

நான் முதன்முதலில் வளர்த்த பூச்சியை இழந்ததற்குக் காரணம் ஒரு மூடிதான். வழவழப்பான பிளாஸ்டிக் மூடி. குஞ்சாக இருந்தபோது அதில் நன்றாகவே நடந்து திரிந்தது. உடம்பு கனக்கத் தொடங்கியதும் கால் பிடிக்கவில்லை. ஒருநாள் தோல் உரித்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கி விழுந்தது. பாதி உரிந்த தோலுக்குள் கால்கள் வளைந்தபடியே இறுகிவிட்டன. இரண்டு நாள்தான் இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கூரை, கூரை என்று இந்த வீடியோவில் நான் திரும்பத் திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: மேசை மேல் உயரமான டப்பா, கத்தரிக்கோல், வலைத்துணி, குளூ கன், சிறிய ஸ்பாஞ்ச் துண்டு.]

சரி, முட்டை பொரிக்கும் டப்பாவைச் செய்வோம். ஒரு லிட்டருக்குக் குறையாத, உயரமான, உள்ளே இருப்பது தெரிகிற டப்பா போதும். மூடியின் நடுவில் பெரிய ஜன்னலாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய துணியை ஒட்டுங்கள். பலர் கொசுவலையை ஒட்டிவிடுகிறார்கள். வளர்ந்த பூச்சிக்கு அது நல்ல கூரை. ஆனால் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் பழ ஈக்கள் அதன் கண் வழியாக நுழைந்து வெளியே போய்விடும். அதனால் இந்த டப்பாவுக்கு இன்னும் நெருக்கமான நெசவு வேண்டும். கம்பி வலையைத் தவிர்த்துவிடுங்கள். பாத நுனியில் இருக்கும் நுண்ணிய நகங்கள் அதில் சிக்கி உடையக்கூடும்.

பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, ஸ்பாஞ்ச் துண்டால் அடைத்துவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பிறகு பெரிய நிம்மதி. இரை போடும்போதெல்லாம் மூடியைத் திறந்தால், அதில் தொங்கும் நூறு குஞ்சுகளும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இந்த ஓட்டை இருந்தால் மூடியைத் தொடவே வேண்டாம். பசையின் வாடை முழுக்கப் போக ஒருநாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

[காட்சி: குச்சியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற முட்டைக்கூடு, மிக அருகில்.]

இதுதான் முட்டைக்கூடு. தாய்ப்பூச்சி முட்டைகளை இடும்போதே நுரையையும் சுரந்து அவற்றைச் சுற்றி மூடுகிறது. நுரை காய்ந்தால் பஞ்சு மாதிரி ஆகிவிடும். உள்ளே முட்டைகள் வரிசை வரிசையாக இருக்கும். சில இனங்களின் கூட்டில் சில டஜன்தான். சீனக் கும்பிடு பூச்சி போன்ற பெரிய இனங்களில் 200 வரைகூட இருக்கும்.

தொங்கவிடுவதற்கு முன்னால் கூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோலச் சிறுசிறு வட்ட ஓட்டைகள் தெரிந்தால், ஒட்டுண்ணிக் குளவிகள் முந்திக்கொண்டு உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டன என்று பொருள். நடு விளிம்பில் காய்ந்த சவ்வுத் துணுக்குகள் தொங்கினால், குஞ்சுகள் ஏற்கெனவே போய்விட்டன.

குச்சியோடு கிடைத்தால் குச்சியோடு, அது இருந்த வாக்கிலேயே தொங்கவிடுங்கள். குச்சி இல்லையென்றால் வெளிநுரையில் மட்டும் ஊசிநூல் கோத்து, மூடியிலிருந்து தொங்கவிடலாம். ஊசி நடுவே போனால் முட்டைகளைத் துளைத்துவிடும். கூட்டுக்குக் கீழே ஐந்தாறு செ.மீ. வெற்றிடம் விடுங்கள், காரணம் கொஞ்ச நேரத்தில் தெரியும். தரையில் டிஷ்யூ பேப்பர் விரித்துவிட்டால் சுத்தம் செய்வது எளிது.

வெப்பமண்டல இனங்கள் பலவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும், நான்கிலிருந்து எட்டு வாரத்தில் பொரிக்கும். குளிர்ப் பிரதேசத்து இனங்கள் சிலவற்றின் கூடு குளிர்காலத்தைக் கழித்தால்தான் பொரிக்கும். அதனால் கையில் இருப்பது எந்த இனம் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை டப்பாவின் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கூட்டை நனைத்து ஊறவைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும்.

கூட்டைத் தொங்கவிட்ட வாரத்திலேயே பழ ஈ வளர்ப்பையும் தொடங்கிவிட வேண்டும். பொரித்த பிறகு ஈ தேடி ஓடினால் குஞ்சுகள் பட்டினியில் சாகும். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற சிறிய பழ ஈ, 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக வளர 10 நாள் எடுத்துக்கொள்ளும். பறக்க முடியாத வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கனிந்த வாழைப்பழத்தை மசித்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, கசங்கிய காகிதத்தோடு பாட்டிலில் வைத்து, வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். வாரம் ஒரு புதுப் பாட்டில் தொடங்கினால் இரை தட்டுப்பாடு வராது.

[காட்சி: காலை வெளிச்சம். கூட்டின் விளிம்பிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஏதோ நெளிகிறது.]

பெரும்பாலும் காலையில்தான் பொரிக்கும். முதலில் வெளிவருவதைப் பார்த்தால் கும்பிடு பூச்சி என்றே தோன்றாது. கால்கள் உடம்போடு மடங்கி, மெல்லிய சவ்வுக்குள் சுருண்டு, இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரிய, புழு மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கும். ஒவ்வொன்றும் ஒரு நூலிழையில் தொங்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கியபடியே சவ்வை உரித்துக்கொண்டு கால்களை விடுவிக்கும். இதற்காகத்தான் கீழே இடம் விடச் சொன்னேன். இந்த நேரத்தில் டப்பாவை அசைக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், உதவி செய்கிறேன் என்று குச்சியை நீட்டாதீர்கள். சில மணி நேரத்தில் உடம்பு இறுகி, நிறம் கூடி, எல்லாம் மேலே ஏறி உங்கள் துணிக்கூரையில் புள்ளி புள்ளியாக நிற்கும். நான் பலமுறை பார்த்துவிட்டேன், இன்னும் கண்ணை எடுக்க முடிவதில்லை.

மறுநாளிலிருந்து ஈக்களைப் போடுங்கள். அத்தனை குஞ்சுகளையும் வளர்க்க யாராலும் முடியாது. பத்துப் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியிலேயே இயல்பாக வாழும் இனம் என்றால், மீதியைச் செடிகளில் பரவலாக விடலாம். வெளியிலிருந்து வந்த இனம் என்றால் ஒன்றைக்கூட வெளியே விடக் கூடாது. அதை வளர்ப்பவர்கள் இருந்தால் கொடுங்கள்.

முதல் சில நாள் நிறையக் குச்சிகளும் நிறைய ஈக்களும் இருந்தால் குஞ்சுகள் சேர்ந்தே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது தோல் உரிப்புக்குப் பிறகு ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். அதற்குள் பிரித்துவிடுங்கள், ஆளுக்கு ஒரு கப்.

[காட்சி: 250 மி.லி. கப். துணி ஒட்டிய மூடி, சாய்வாக ஒரு குச்சி.]

இந்தக் கப்புக்கு ஒரே கணக்கு. உயரம், பூச்சியின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு. அகலம் இரண்டு மடங்கு. ஏன் மூன்று மடங்கு? தோல் உரிக்கும்போது பழைய தோல் கூரையைப் பிடித்துத் தொங்க, புதிய உடம்பு அதிலிருந்து கீழ்நோக்கி வழுகி வெளியே வரும். ஏறக்குறைய இரண்டு உடல் நீளம் அதற்கே போய்விடும். தலை தரையில் இடித்தால் உடம்பு கோணலாகவே இறுகிவிடும். கூரைக்கு நேர் கீழே குச்சியோ இலையோ குறுக்கே வராமல் பாருங்கள். அதற்காகச் சின்னக் குஞ்சைப் பெரிய தொட்டியில் விட்டால், ஈ ஒரு மூலையிலும் அது ஒரு மூலையிலுமாக இருந்து பசியில் வாடும்.

இரண்டு மூன்று நாள் இரையைத் தொடாமல், வயிறு உப்பி, கூரையில் அசையாமல் தொங்கினால் தோல் உரிக்கப் போகிறது. உள்ளே இருக்கும் இரையை எல்லாம் எடுத்துவிடுங்கள். முக்கியமாகச் சுவர்க்கோழியை விட்டுவைத்தால், தோல் உரிக்கும் பூச்சியை அது கடித்துத் தின்றுவிடும். உரித்து முடித்தாலும் ஒருநாள் கழித்தே இரை போடுங்கள். கால் ஒன்று ஒடிந்துபோன குஞ்சு என்றால் நம்பிக்கை இழக்க வேண்டாம், அடுத்தடுத்த தோல் உரிப்புகளில் கால் மெல்ல முளைத்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் தேவையில்லை. சுவரில் தெளித்த துளிகளையே குடிக்கும். தெளித்தது சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. கப்பை நேர் வெயிலில் வைக்காதீர்கள், சில நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். எறும்பு வராத இடமாகவும் பாருங்கள்.

வளர வளர இரை மாறும்: பெரிய பழ ஈ, அப்புறம் வீட்டு ஈ, அந்துப்பூச்சி. பூச்சிமருந்து அடித்த இடத்தில் பிடித்ததைக் கொடுக்காதீர்கள்.

[காட்சி: உயரமான வலைக்கூண்டு. முதுகில் சிறகு மொட்டுகள் புடைத்த பூச்சி.]

முதுகில் இருக்கும் சிறகு மொட்டுகள் இப்படிப் புடைத்துவிட்டால், வரப்போவது கடைசித் தோல் உரிப்பு. இதற்கு முன்பே பெரிய கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். 8 செ.மீ. பூச்சிக்கு 24 செ.மீ. உயரமாவது வேண்டும், நான் 30 வைக்கிறேன். தோலிலிருந்து வெளியே வந்ததும் திரும்பி ஏறிக் கூரையைப் பிடித்துக்கொள்ளும். கசங்கிய காகிதம் போன்ற சிறகுகள் அங்கே தொங்கியபடி மெல்ல விரிந்து நீளும். அவை முழுக்க உலர்ந்து முதுகில் படியும்வரை கூண்டைத் தொடாதீர்கள். மறுநாள் ஒரு ஈயை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள்.