இல்லாத பத்திரிகைக்கு ஓர் அலுவலகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு திரைப்படத்துக்காகக் கோவையில் வார இதழ் அலுவலகம் ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறோம். கதை நடக்கும் ஆண்டு 1975. பத்திரிகை கற்பனைதான், அதன் பெயரைப் படம் வெளிவரும்வரை சொல்ல இயலாது. சிங்காநல்லூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த பஞ்சுக் கிடங்கு ஒன்றில் வேலை நடக்கிறது.

பழைய மேசையும் மின்விசிறியும் கறுப்புத் தொலைபேசியும் வாடகைக்கே கிடைக்கும். கலை இயக்குநர் முதலில் உருவாக்க வேண்டியது பத்திரிகையைத்தான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விலை என்ன, யார் வாங்குகிறார்கள், யார் விளம்பரம் தருகிறார்கள் என்பது முடிவானால்தான் ஆசிரியருக்குத் தனி அறை உண்டா இல்லையா என்பதே தெரியும். எங்கள் பத்திரிகை பம்ப்செட் செய்பவர்களையும் நூற்பாலைகளையும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளையும் நம்பி நடக்கிறது. ஆகவே விளம்பரம் பிடிப்பவரின் பெரிய மேசை வாசலை ஒட்டி இருக்கிறது. ஆசிரியரோ உள்ளே, பலகைத் தடுப்புக்குப் பின்னால்.

அதிக உழைப்பைக் கேட்பது எழுத்து. ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடிஅரசு' 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது. தமிழக அரசு அதை ஏற்றதோ 1978-இல். எங்கள் ஆசிரியர் பழமைப் பிடிப்புள்ளவர். ஆகவே அவருடைய பத்திரிகையில் 'லை', 'னை' எல்லாம் பழைய வடிவத்தில், யானைபோலத் தும்பிக்கை தூக்கித்தான் நிற்க வேண்டும். இன்றைய கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் புதிய வடிவத்தையே தருகின்றன. அதனால் பெயர்ப்பலகையையும் அட்டைப்படத் தலைப்புகளையும் பலகை எழுதும் ஓவியர் ஒருவர் கையாலேயே எழுதுகிறார். அவர் வளைக்கும் அந்தத் தும்பிக்கையின் அழகைத் திரையில் நீங்கள் பார்க்க வேண்டும்!

வாசகர் கடிதங்களிலும் இதே கவனம் வேண்டும். கோபிசெட்டிபாளையம், பவானி, தாராபுரம், எங்கிருந்து வந்த கடிதமானாலும் முகவரியில் 'கோவை மாவட்டம்' என்றே இருக்கும். ஈரோடு தனி மாவட்டமானது 1979-இல்தான். பின்கோடு 1972-இல் வந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் உடனே வந்துவிடுமா? சில உறைகளில் மட்டும் அதை எழுதியிருக்கிறோம்.

அச்சுக்கூடம் பின்கட்டில். ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர் வந்து வழிகாட்டுகிறார். எழுத்துப் பெட்டிகளைச் சன்னலோரம் சாய்த்து வைக்கச் சொன்னவர் அவர்தான். பகல் வெளிச்சத்தில்தான் ஈய எழுத்தைப் பொறுக்க முடியுமாம். சிறு அச்சகங்களில் எழுத்து ஏராளமாக இருக்காது. அச்சடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போட்டால்தான் அடுத்த இதழைக் கோக்கலாம். ஆகவே சென்ற வாரப் பக்கங்கள் நூல் கட்டியபடி மூலையில் காத்திருக்கின்றன. நடிகர்களுக்கும் அவரே பயிற்சி தருகிறார். பெட்டியைப் பார்க்காமலே 'க' இருக்கும் அறைக்குக் கை போக வேண்டும் என்பது அவர் கட்டளை. அந்தக் கண்டிப்புக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கதை ஜூன் மாதத்தைக் கடக்கிறது. நெருக்கடி நிலையும் செய்தித் தணிக்கையும் வந்த பிறகு, ஆசிரியர் மேசையில் தணிக்கைக்குப் போகும் புரூப்களுக்கென்று தனி அட்டைக்கோப்பு ஒன்று சேர்கிறது. அதற்கு வசனம் கிடையாது.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். ராட்சச வருடத்து, அதாவது 1975-76-இன் தினசரி காலண்டர், அக்கால அச்சக ரசீதுப் புத்தகம், சந்தா அட்டை ஏதேனும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். நன்றி, வணக்கம்.