பாதிப் பெயர் கணுக்காலில்

(கால்பந்துக் கழகம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அவர்களை அழைத்து வந்த பெற்றோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஸ்பெயின் நாட்டு நடுகள வீரர் யாராவது ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்றார் செயலாளர். சாவியோ இனியெஸ்டாவோ வருவார் என்று நினைத்திருப்பார். நான் சாந்தி கசோர்லா என்றேன். நேற்று ராத்திரி வீட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தச் சாந்தி?" என்று ஒரு குரல் வந்தது. சாந்தியாகோ என்ற பெயரைத்தான் அங்கே அப்படிச் சுருக்குவார்கள் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆள் குள்ளம். 168 சென்டிமீட்டர். 1984 டிசம்பர் 13 அன்று, ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில், ஓவியெதோ நகருக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே ரியல் ஓவியெதோ கழகத்தின் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டார். அந்தக் கழகம் 2001-இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2003-இல் நிலைமை முற்றிவிட்டது. ஆடியவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. ஆட்டத்தில் தோற்று ஒரு படி, சம்பள பாக்கிக்காக இன்னொரு படி என்று ஒரே கோடையில் நான்காவது நிலைக்கு விழுந்தது. அப்போது கசோர்லாவுக்கு 18 வயது. வளர்த்த கழகத்தின் முதல் அணிச் சட்டையை ஒரு ஆட்டத்தில்கூடப் போடாமல், பையைத் தூக்கிக்கொண்டு வியாரியால் கழகத்துக்குப் போனார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

வியாரியாலில் ஆடினார். அவர்கள் அவரை உவெல்வா நகரத்து ரெக்ரியாதிவோவுக்கு விற்றார்கள். ஒரே சீசனில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்கடுத்த சீசனில் வியாரியால் லீகில் இரண்டாமிடம். அந்தக் கோடையில் ஐரோப்பியக் கோப்பைக்கான ஸ்பெயின் அணியில் அவர் பெயர் இருந்தது.

2008 ஜூன் 22, வியன்னா. இத்தாலியுடன் காலிறுதி. ஸ்பெயின்காரர்களுக்கு ஜூன் 22 என்றாலே வயிற்றைக் கலக்கும். 1986-இல் பெல்ஜியத்திடம், 1996-இல் இங்கிலாந்திடம், 2002-இல் தென்கொரியாவிடம், மூன்று முறையும் அதே தேதியில், மூன்று முறையும் பெனால்டியில் தோற்று வீடு திரும்பியவர்கள். அன்றைக்கும் 0-0, அன்றைக்கும் பெனால்டி. எதிரே கோலில் நிற்பது புஃபோன். இரண்டாவது பெனால்டியை அடிக்க வந்தவர், இனியெஸ்டாவுக்குப் பதிலாக இறங்கியிருந்த 23 வயது கசோர்லா. பந்து உள்ளே போனது. ஸ்பெயின் 4-2 என்று ஜெயித்தது. கோப்பையும் வந்தது. பிறகு ஸ்பெயின் அள்ளிய வெற்றிகளையெல்லாம் பேசுகிறோமே, அதற்குக் கதவு திறந்த ராத்திரி அதுதான் என்பது என் எண்ணம்.

2010 உலகக் கோப்பைக்கு அவர் போக முடியவில்லை. முதுகுத் தண்டில் வட்டு விலகிவிட்டது. 2012 ஐரோப்பியக் கோப்பையில் மறுபடியும் இருந்தார். சாவி, இனியெஸ்டா, அலோன்சோ, பூஸ்கெட்ஸ், சில்வா, ஃபாப்ரெகாஸ் எல்லாரும் வரிசை கட்டி நின்ற காலத்தில் ஸ்பெயினுக்காக 81 ஆட்டம் ஆடுவது லேசுப்பட்ட காரியமா? வேறு நாட்டில் பிறந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேப்டன் ஆக்கியிருப்பார்கள்.

மலகாவில் ஒரு வருஷம். அந்தக் கழகம் வரலாற்றிலேயே முதல் தடவையாக, ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீகுக்குப் போக வழி பண்ணிவிட்டு, 2012-இல் இங்கிலாந்தின் அர்செனல் கழகத்துக்குப் போனார்.

முன்வரிசைப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. தடுப்பாட்டக்காரனுக்குப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் என்ன? எதிரி எந்தக் காலில் கெட்டிக்காரனோ அந்தப் பக்கத்தை அடை, மற்ற காலுக்குத் தள்ளு. கசோர்லாவிடம் இந்தப் பாடம் செல்லாது. அவருக்கு மற்ற கால் என்று ஒன்று கிடையாது. கார்னரை வலது காலிலும் அடிப்பார், இடது காலிலும் அடிப்பார். கோலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது பந்து வரும். பின்னால் ஒருவன் மூச்சு விடும் தூரத்தில் நிற்பான். இடமா வலமா என்று அவன் யோசிப்பதற்குள் இவர் எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பார். வேகமாக ஓடுகிற ஆளே இல்லை. அவருடைய வேகமெல்லாம் அந்தத் திரும்பலில்தான். 2015-இல் அர்செனல் பயிற்சியாளர் வெங்கர் அவரைப் பின்னுக்கு இழுத்து கோக்லானுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் இதற்காகத்தான். கோக்லான் பறித்துக் கொடுப்பார், இவர் நெருக்கடிக்குள்ளிருந்து பந்தை வெளியே கொண்டுவருவார். அந்த ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று அர்செனல் தோற்கடித்ததே, முடிந்தால் தேடிப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவருடைய இடுப்பைப் பாருங்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 2014 மே 17, வெம்ப்ளியில், இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி. அர்செனல் கோப்பையைத் தொட்டு ஒன்பது வருஷம். எட்டே நிமிஷத்தில் ஹல் சிட்டி இரண்டு கோல் போட்டுவிட்டது. 17-ஆவது நிமிஷத்தில் கோலிலிருந்து வெகு தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். கசோர்லா வலது காலில் அடித்தார். சுவர் போல நின்றவர்களின் தலைக்கு மேலே போய்ப் பந்து வலைக்குள் விழுந்தது. கடைசியில் கூடுதல் நேரத்தில் ராம்சி போட்ட கோலில் 3-2. மறுநாள் பேப்பரில் ராம்சி படம்தான் பெரிதாக வரும், வரட்டும். ஆட்டத்தின் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது அந்த ஃப்ரீ கிக்.

இப்போது அந்த வலது காலைப் பற்றிச் சொல்கிறேன்.

2013 செப்டம்பரில் சிலியுடன் நட்பு ஆட்டம். கணுக்காலில் ஒரு அடி, எலும்பில் கீறல். வலியோடே மூன்று வருஷம் ஆடினார். 2016 அக்டோபர் 19, லுதோகோரெட்ஸ் அணியுடன் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். அர்செனல் 6-0. அன்றைக்கு மைதானத்தை விட்டு நடந்தவர் அர்செனலுக்காகத் திரும்ப ஆடவே இல்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள். தையல் போடுவார்கள், புண் திறந்துகொள்ளும், மறுபடி தையல். எட்டு தடவைக்குக் குறையாமல் கத்தி வைத்தார்கள். மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கிலாந்தில் மருத்துவர் தன்னிடம் சொன்னதாக அவரே பிறகு பத்திரிகையில் சொன்னார்.

ஸ்பெயினில் வித்தோரியா நகரத்து மருத்துவர் மிக்கேல் சாஞ்செஸ் 2017-இல் காலைத் திறந்து பார்த்தார். கிருமி உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் அக்கிலிஸ் தசைநாரில் சுமார் 8 சென்டிமீட்டரைத் தின்று தீர்த்திருந்தது. காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். தொடைக்குப் பின்னாலிருந்து தசைநார் எடுத்து இழந்ததைக் கட்டினார்கள். புண்ணை மூடத் தோல் வேண்டுமே? இடது முன்கையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அந்தக் கையில் அவர் மகள் இந்தியாவின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். ஆமாம், மகள் பெயரே இந்தியாதான். வெட்டிய துண்டில் பெயரில் பாதி போய்விட்டது. பாதி கையில், பாதி கணுக்காலில். படத்தைப் பார்த்தால் தெரியும், குதிகாலுக்கு மேலே தழும்புக்கு நடுவே எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

லுதோகோரெட்ஸ் ஆட்டத்துக்கு 636 நாள் கழித்து, 2018 ஜூலையில் பழைய வியாரியாலின் சட்டையில் எர்குலெஸ் அணியுடன் நட்பு ஆட்டத்தில் இறங்கினார். அவரை ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்த அந்தக் கழகம் ஒரு மந்திரவாதியைக் கூப்பிட்டது! வெறும் கண்ணாடிக் குழாய், உள்ளே புகை, புகை கலைந்தால் கசோர்லா. சாதாரணமாக இந்த மாதிரி கூத்தெல்லாம் எனக்குப் பிடிக்காது, இதை மட்டும் மன்னித்துவிட்டேன். 2019 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல். அந்த வருஷமே ஸ்பெயின் அணி திரும்ப அழைத்தது. பிறகு கத்தாரில் அல் சாத் கழகம், அப்போது அங்கே பயிற்சியாளர் சாவி.

ஞாபகம் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஓவியெதோ 2012-இல் மூடும் நிலைக்கு வந்தது. இரண்டே வாரத்தில் சுமார் 20 லட்சம் யூரோ வேண்டும். ஒரு பங்கு 10.75 யூரோ என்று விற்றார்கள். உலகெங்கிலுமிருந்து, அந்த ஊரைப் பார்த்திராதவர்களெல்லாம் வாங்கினார்கள். அங்கே வளர்ந்து வெளியே போயிருந்த கசோர்லா, மாத்தா, மிச்சு, அத்ரியான் நால்வரும் வாங்கினார்கள். கழகம் பிழைத்தது.

2023-இல், 38 வயதில், அவரே வந்து சேர்ந்தார். சம்பளம் வேண்டாம் என்றார். சும்மா ஆட லீக் விதி இடம் கொடுக்கவில்லை, அதனால் குறைந்தபட்சச் சம்பளம். தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் பத்து சதவீதம் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னார். சம்பள பாக்கியால் சரிந்த கழகம் அது என்பதை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

முதல் வருஷம், முதல் டிவிஷனுக்கு ஏற ஆடும் பிளே-ஆஃப் இறுதியில் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். அடுத்த வருஷம் அரையிறுதியில் அல்மேரியாவுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் ஒரு கோல். இறுதியில் மிராந்தேஸ். இரண்டு ஆட்டம், இரண்டின் கோலையும் கூட்டிப் பார்ப்பார்கள். வெளியூரில் 0-1. 2025 ஜூன் 21, சொந்த ஊர், கார்லோஸ் தார்தியேரே மைதானம். முதலில் மிராந்தேஸ் இன்னொன்று போட்டுவிட்டது. மொத்தத்தில் இரண்டு கோல் கடன். 39-ஆவது நிமிஷம் ஒரு பெனால்டி. வியன்னாவில் 23 வயதில் நடந்து போனவர், இங்கே 40 வயதில் நடந்து போனார். கோல். இடைவேளைக்குப் பிறகு சைரா, கூடுதல் நேரத்தில் போர்தில்யோ. 3-1. இருபத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு ஓவியெதோ முதல் டிவிஷனில்.

அத்தோடு பூட்ஸைக் கழற்றிவிடுவார் என்று நான் நினைத்தேன். கொஞ்ச நாளில் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வணக்கம்.