குதிரிலிருந்து கொதிஉலைக்கு

அவையோர் அனைவர்க்கும் வணக்கம். ஸ்டாலின் ஆட்சியில் சோவியத் உழவர் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கப்பட்டதும் ஆலைகள் எழுந்ததும் எப்படிப் பிணைந்தன என்பதே என் பேச்சு.

1926ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சோவியத் ஒன்றிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 பேர் கிராமவாசிகள். 1917 புரட்சியில் பண்ணையார் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட அந்த உழவர், உண்டது போக மிஞ்சியதை விற்றனர். விலை கட்டுப்படியாகாவிட்டால் குதிரில் வைத்துக்கொண்டனர். அந்தக் குதிர்தான் ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் அரசுக் கொள்முதல் சரிந்ததும், ஸ்டாலின் 1928 ஜனவரியில் சைபீரியாவுக்கு நேரில் சென்று, தானியம் தர மறுத்தவர்கள்மீது குற்றவியல் சட்டத்தை ஏவச் செய்தார். ஆலைகளுக்கான இயந்திரங்களை அயல்நாட்டில் வாங்கத் தானியம் வேண்டும். கோடிக்கணக்கான குடும்பங்களிடம் பேரம் பேசுவதைவிடச் உழவரின் நிலத்தையும் மாட்டையும் ஒன்றாகச் சேர்த்து அமைத்த சில லட்சம் கூட்டுப்பண்ணைகளிடமிருந்து எடுத்துக்கொள்வது எளிது. என் கருத்தில், கூட்டுப்பண்ணை விளைவிப்பதற்காக அன்றி, வசூலிப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

1930 மார்ச் தொடக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட உழவர் குடும்பங்கள் கூட்டுப்பண்ணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. சற்றே வசதியானவர்களும், சில ஊர்களில் வெறுமனே எதிர்த்துப் பேசியவர்களும், ‘குலாக்’, அதாவது பணக்கார உழவர், என்று முத்திரை குத்தப்பட்டனர். 1930, 1931 ஆகிய ஈராண்டுகளில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் வடக்கிற்கும் யூரலுக்கும் சைபீரியாவுக்கும் கட்டாயமாகக் குடிபெயர்க்கப்பட்டனர். மாட்டைப் பண்ணைக்குக் கொடுப்பதைவிட வெட்டித் தின்பதே மேல் என்று உழவர் எண்ணினர்; தீவனமின்றி மடிந்தவை வேறு. 1929க்கும் 1933க்கும் இடையில் குதிரைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. தானிய ஏற்றுமதியோ 1931இல் சுமார் 50 லட்சம் டன்னை எட்டியது. அடுத்து வந்த பஞ்சத்தில் உக்ரைனிலும் வோல்கா, குபான் பகுதிகளிலும் கசகஸ்தானிலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதே ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

கிராமத்தைக் கறந்து ஆலை கட்டினார்கள் என்பர். அது பாதி உண்மைதான். மாண்ட குதிரைகளுக்கு ஈடாக டிராக்டர்களைச் செய்து அதே கிராமத்துக்கு அனுப்ப வேண்டியிருந்ததே! கிராமம் ஆலைக்கு உண்மையில் அள்ளிக்கொடுத்தது ஆட்களை. யூரல் மலைப்பகுதியின் தெற்கே, வெற்றுப் புல்வெளியில் 1929இல் தொடங்கி, 1932 பிப்ரவரியில் இரும்பு உருக்கும் முதல் ஊதுலை எரிந்த மக்னித்தகோர்ஸ்க் நகரைப் பாருங்கள். அங்கே மண் வெட்டியவர்களில் கட்சி ஆர்வத்தோடு வந்த இளைஞரும் உண்டு. பண்ணையிலிருந்து தப்பியவரும், காவலுடன் கொண்டுவரப்பட்ட ‘குலாக்’ குடும்பத்தினரும் உண்டு. கூடாரத்திலும் மண்குடிசையிலும் குளிர்காலத்தைக் கழித்த இவர்கள்தாம் புதிய பாட்டாளி வர்க்கம். (நம் இளமையில் மலிவு விலைக்கு வாங்கிப் படித்த சோவியத் நூல்களில் ஊதுலையை நிறையவே பார்த்தோம், இந்த மண்குடிசைகளை நான் பார்த்ததாக நினைவில்லை.)

பசியில் மக்கள் நகரங்களை நோக்கிப் பெயர்ந்தபோது, 1932 டிசம்பர் 27 அன்று உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை அறிவிக்கப்பட்டது. நகரவாசிக்குச் சீட்டு உண்டு. கூட்டுப்பண்ணை உழவர்க்குப் பொதுவாக இல்லை; சீட்டின்றி நகரில் குடியேற முடியாது. ஆலை கேட்டபோது ஆள்சேர்ப்பு ஒப்பந்தத்தின் வழியே கதவு திறக்கும். மற்ற நாள்களில் அது மூடியே கிடக்கும். பண்ணை அடிமைமுறை 1861இல் ஒழிந்த நாட்டில், எல்லா உழவர்க்கும் சீட்டு வழங்க முடிவானது 1974இல்தான்.