கட்டத்துக்குள் ஒரு கதவு

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வேலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், கடலைக் கடக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க நாங்கள் நான்கு பேர் ஒரே நாளிதழின் மேல் குனிந்து நிற்போம். தலைப்புச் செய்தியை யாரும் பார்ப்பதில்லை. குறுக்கெழுத்துப் பக்கம்தான்.

ஒரு நாள் இப்படி ஒரு குறிப்பு: 'கதவு கலைந்தால் நடுநிலை (3)'. எழுத்தைக் கலைத்துப் போட வேண்டும் என்பது புரிந்தது. க, த, வு மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினோம். 'தகவு' என்று வந்தது. அப்படி ஒரு சொல் உண்டா என்று எங்கள் மூவருக்கும் ஐயம். துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை பார்த்த அண்ணன் பென்சிலை வாங்கிக்கொண்டு, "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்று 114ஆம் குறளைச் சொன்னார். நடுவு நிலைமை அதிகாரத்துக் குறள் அது. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தச் சொல் எனக்கு உரியதானது அன்று, அந்தப் படகில்தான்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. காரணம் சொல்லாமல் யாரும் கட்டத்தை நிரப்பக் கூடாது. விடை நாளைய இதழில் எப்படியும் வந்துவிடும். அது ஏன் விடை என்பதை இதழ் சொல்லாது. அதை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த விளையாட்டு மேல்நாட்டிலிருந்து வந்தது. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் வைர வடிவக் கட்டம் ஒன்றை வெளியிட்டார். வரலாறு இவ்வளவு போதும். தமிழுக்குள் வந்த பிறகு அது என்ன ஆயிற்று என்பதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆங்கிலக் கட்டத்தில் விழக்கூடியவை 26 எழுத்துகள். நம்முடைய கட்டத்தில் 247. குறுக்கே போகும் சொல்லில் 'கா' இருந்தால், கீழே இறங்கும் சொல்லிலும் 'கா'வே இருக்க வேண்டும், 'க' உதவாது. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆகவே 'ம்' விழுந்த கட்டத்திலிருந்து புதிய சொல்லைக் கிளப்ப முடியாது. ஆனால் இரண்டு சொற்கள் வந்து முடியும் இடமாக அதை ஆக்கலாம். நம் இதழ்களில் 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்றும் குறிப்புகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 'காரம்' இடமிருந்து வர, 'மரம்' கீழிருந்து ஏறி, அதே 'ம்'மில் முடியலாம். புதிர் அமைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை, தாளும் பென்சிலும் எடுத்து ஒரு முறை முயன்றால் உணர்வீர்கள்.

விடை தேடுகிறவருக்கும் இலக்கணம் கை கொடுக்கிறது. ஒரு கட்டத்தில் 'த்' விழுந்துவிட்டதா? தனித்தமிழ்ச் சொல்லானால் அடுத்த கட்டத்தில் த, தா, தி என்று தகர வரிசைதான். க், ச், ப் மூன்றும் அப்படியே, தம் இனத்தையே அடுத்து அழைக்கும். மெய்ம்மயக்கம் என்று வகுப்பில் படித்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. புதிர்க் கட்டத்தில் அதே விதி ஒரு துப்பாக வந்து நிற்கும்போது மனம் துள்ளுகிறது. மாணவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சொல்லை உடைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்த காளமேகப் புலவரின் மொழி இது. 'கடலைத் தேடி ஓடும் எண் (2)' என்றால் 'ஆறு'. 'முத்துகள் நிறைந்த கனி, தலை போனால் ஓட்டை (2)' என்றால் மாதுளையிலிருந்து 'துளை'. எத்தனை ஆண்டுகளாக மாதுளை தின்கிறோம்! அதற்குள் துளை இருப்பதை யார் பார்த்தோம்?

இப்போது படகில் சேர்ந்து நிற்க அந்த நால்வர் இல்லை. நாளிதழ் வாங்குகிறவர்கள் கூட விடை தெரியாவிட்டால் கைப்பேசியில் ஒரு நொடியில் தேடிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாள் பொறுங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் கேளுங்கள். அவர் தவறாகச் சொன்னாலும், ஏன் அப்படி நினைத்தார் என்று கேளுங்கள். எங்கள் நால்வரில் தவறான விடைகளை அதிகம் சொன்னவரிடமிருந்துதான் நான் அதிகச் சொற்களைக் கற்றேன்.

லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்காக நேற்று இரவு ஒன்று அமைத்தேன்: 'வியாபாரத்தின் முடிவில் சுமை (3)'. வெளியே கோப்பி ஆறுவதற்குள் யாராவது என்னிடம் வாருங்கள். காரணத்தோடு வாருங்கள்.