பாடும் மீன் கேட்கணுமா? காந்தி பூங்காவிலிருந்து கல்லடிப் பாலம் வரை ஒரு மாலை நடை

[காட்சி: இரவு, கல்லடிப் பாலம், கீழே வாவி]

மட்டக்களப்பு வாவிக்குள்ளயிருந்து நிலவு இரவில வாற ரீங்காரத்தைத்தான் பாடும் மீன் எண்டு சொல்றது. அதைக் கேட்கக் கல்லடிப் பாலத்தில காதைத் தீட்டிக்கொண்டு நிண்டுட்டு, "ஒண்டுமே கேட்கல்ல" எண்டு திரும்பிப் போறவங்க நிறையப் பேர். உங்கட காதில பிழையில்ல, நிண்ட இடந்தான் பிழை. எங்க, எப்படிக் கேட்கிறது எண்டு சொல்றன். அதுக்கு முன்னால கொஞ்சம் நடப்பம்.

போயா நாளா, அதாவது முழுநிலவு நாளாப் பாருங்க, சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில. கச்சான் காத்து வீசிற காலம், மத்தியானம் நடந்தா வெயில் உரிச்சுப்போடும். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குங்க. முழு நடையும் அஞ்சு கிலோமீற்றருக்குள்ளதான்.

[காட்சி: காந்தி பூங்கா, வாவிக்கரை]

தொடக்கம் புளியந்தீவு, காந்தி பூங்கா. கரையில இருக்கிற மட்டக்களப்பு வாயிலைப் பாருங்க. 1814இல வந்த மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட்டிட சிலை பக்கத்திலேயே இருக்கு. வந்து ஒரு வருசம் முடிய முதலே காலமாயிட்டார். அவர் தொடக்கின பள்ளிக்கூடந்தான் இண்டைய மத்திய கல்லூரி.

அடுத்தது கோட்டை. போர்த்துக்கீசர் 1628இல கட்டினது, பத்து வருசத்தில ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. நாலு கொத்தளம், ரெண்டு பக்கம் வாவி, மற்ற ரெண்டு பக்கம் அகழி. மழை பெய்திருந்தா மதில்ல ஏறாதீங்க, பாசி வழுக்கும்.

கோட்டைமுனைப் பாலம் தாண்டி, அரசடிப் பக்கமா நடந்தா கல்லடிப் பாலம். ஆறு மணிக்கு முதல் அங்க நிக்கணும். பழைய இரும்புப் பாலம் 1924இல திறந்தது, ஆளுநர் மனிங்கிட மனைவி பேர்ல. 2013இல புதுப் பாலம் வந்தபிறகு பாரவாகனமெல்லாம் அங்கால போயிட்டு, பழையதில ஆறுதலா நிக்கலாம். போயாவில நகரப் பக்கம் சூரியன் இறங்க, கடல் பக்கம் நிலவு எழும்பும். நடுப்பாலத்தில நிண்டா ரெண்டையும் பார்க்கலாம்.

[காட்சி: தோணி, துடுப்பு]

இனித்தான் விசயம். தண்ணிக்குள்ள பிறக்கிற சத்தத்தில ஏறக்குறைய ஆயிரத்தில ஒரு பங்குதான் காத்துக்கு ஏறும். மிச்சமெல்லாம் நீர்மட்டத்தில முட்டித் திரும்பிடும். அதனாலதான் பாலத்துக்கு மேல நிண்டா ஒண்டும் கேட்காது. மீன்பிடிக்கிறவங்க செய்றதைச் செய்யுங்க. பத்து மணிக்குப் பிறகு, தெரிஞ்ச தோணிக்காரரோட பாலத்துக்குக் கிட்டப் போங்க. உயிர்காப்பு அங்கியில்லாம ஏறாதீங்க. எஞ்சின் இருந்தா நிப்பாட்டச் சொல்லுங்க. மரத்துடுப்பிட அகலமான பக்கத்தை ஆழமா இறக்கி, பிடி நுனியைக் காதுக்கு முன்னால உள்ள எலும்பில வையுங்க. மற்றக் காதை விரலால அடைச்சிடுங்க. துடுப்பு தோணி விளிம்பில தட்டக்கூடாது, தட்டினா உரசல் சத்தந்தான் வரும். இறுக்கிப் பிடிச்சாலும் அதிர்வு செத்துடும், ரெண்டு விரல் போதும். முதல் இடத்தில கேட்கலையெண்டா கொஞ்சம் தள்ளிப் பாருங்க, ஏனெண்டா சில இடத்திலதான் சத்தம் இருக்கும். காத்து எழும்பி அலை அடிச்சா அண்டைக்கு விட்டிடுங்க.

எப்படியிருக்கும்? 1848இல இங்க வந்து கேட்ட ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈரவிரலால கண்ணாடிக் கிண்ணத்து விளிம்பைத் தேய்ச்சா வாற மெல்லிய ரீங்காரம் மாதிரி எண்டு எழுதியிருக்கார். பிறகு இங்க புனித மிக்கேல் கல்லூரியில இருந்த லாங் பாதிரியார் அதை ஒலிப்பதிவும் செய்தார். சத்தம் போடுறது மீனா, ஊரியா (தண்ணிக்குள்ள வாழுற ஓட்டு நத்தை) எண்ட வழக்கு இன்னும் தீரல்ல. எனக்கு ஊரிப் பக்கம் சாய்வு, ஏனெண்டா சத்தம் ஒரே இடத்திலயிருந்து விடாம வருது. நீங்க எந்தப் பக்கம் எண்டு கொமன்ட்ல எழுதுங்க.

பாலம் தாண்டினா கல்லடியில சுவாமி விபுலாநந்தரிட சமாதி, இராமகிருஷ்ண மிஷன். அதை அடுத்த நாள் காலையில பாருங்க.

ஒரு வேண்டுகோள். போயா இரவில பாட்டுப்பெட்டியைச் சத்தமாப் போட்டுக்கொண்டு தோணியில சுத்தாதீங்க. பக்கத்துத் தோணியில ஆராவது துடுப்பில காதை வைச்சுக்கொண்டு இருப்பாங்க.