புதன்கிழமை நாற்காலி

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பிழைப்புத் தேடிப் புதிய நாட்டுக்குப் போகிறவர்கள் பலரும் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "முதலில் வேலை கிடைக்கட்டும். காலூன்றிய பிறகு நாலு பேரோடு பழகிக்கொள்ளலாம்." நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். எட்டு மாதம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக அனுப்பினேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். வேலையும் நட்பும் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனை ஒட்டிய ஒரு நகரத்தில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், "உதவியவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள்?" என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி பார்த்தவர் மூலம் வேலை பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்த்தவர் மூலம் பெற்றவர்கள் ஏறத்தாழ 56 பேர். மிக அரிதாகவே பார்த்தவர் மூலம் பெற்றவர்கள் ஏறத்தாழ 28 பேர். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். வெறும் முகப்பழக்கம் உள்ளவரோ நாம் நுழையாத வட்டங்களில் நடமாடுகிறவர். எந்த இடம் காலியாகப் போகிறது என்ற செய்தி அங்கிருந்துதான் வரவேண்டும்.

புதிய நாட்டில் நம்மிடம் இல்லாமல் போவது இந்த முகப்பழக்கம்தான். உயிர் நண்பன் தொலைபேசியில் கிடைத்துவிடுவான். ஆனால் தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர், மாடிப்படியில் தலையசைக்கிறவர், நூலகத்தில் எதிரே உட்காருகிறவர் ஆகியோரை ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. ஒவ்வொருவராகத்தான் சேர்க்க வேண்டும். நம் மொழி பேசுகிறவர்களின் கூட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் வீடு பார்த்துத் தருகிறவர்களும், காய்ச்சல் வந்தால் கஞ்சியோடு வந்து நிற்கிறவர்களும் அவர்கள்தான். ஆனால் எல்லோரும் புதிதாக வந்தவர்களாக இருக்கும் ஒரு வட்டத்தில், எல்லோருக்கும் தெரிந்திருப்பது அதே ஐந்தாறு வேலைகள்தான்.

நான் மொழிப் பயிற்சிக்காக ஒரு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். புதன்கிழமை மாலை, இரண்டு மணி நேரம், வட்ட மேசையைச் சுற்றி ஆறேழு பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு பேசுவதற்காகவே வருவார். ஒருநாள் என் விண்ணப்பக் கடிதத்தை அவரிடம் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "தயவுகூர்ந்து எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்று பொருள்படும் முதல் வரியை முழுதாக அடித்தார். "நீங்கள் யாசகம் கேட்கவில்லை. அவர்களுக்கு நீங்கள் எதைச் செய்து தருவீர்கள்? அதை மேலே எழுதுங்கள்" என்றார். நான்காவது பத்தியில் ஒளிந்துகிடந்த என் பத்தாண்டுக் கணக்கியல் அனுபவத்தை அம்புக்குறி போட்டு உச்சிக்கு ஏற்றினார். எட்டு மாதமாக யாரும் சொல்லாததை அந்தப் பென்சில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டது. அடுத்த மாதமே இரண்டு நேர்காணல்கள் வந்தன. ஒன்று அவருடைய பழைய சகா ஒருவர் சொல்லியனுப்பிய இடம்.

வேலை தேடுவதில் காகித வேலை ஒன்றும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர், செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் போன்ற தொழில்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் தனி உரிமம் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே தொடங்குங்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை சான்றிதழின் மெய்த்தன்மைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் படிப்பு அங்கே செல்லுமா என்பது வேறு கேள்வி. அதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். வேலை வாங்கித் தருவதாக யாராவது உங்களிடம் பணம் கேட்டால் விலகிவிடுங்கள். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த பொது நெறி. பாஸ்போர்ட்டை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்காதீர்கள்.

இனி, தனிமை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச நினைத்தேன். மூன்றாவது மாதத்தில் பலர், "என்னிடம்தான் ஏதோ குறை, யாரும் ஒட்டமாட்டேன் என்கிறார்கள்" என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்ட விரும்புகிறேன். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200க்கும் மேல் சேர்ந்து கழித்திருக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேர 25 வாரம், அதாவது ஆறு மாதம்! மூன்றாவது மாதத்தில் நண்பர் இல்லையென்றால் அது உங்கள் குறை இல்லை. நேரம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் ஒருமுறை நடக்கும் விருந்துகளைவிட, வாரந்தோறும் அதே இடத்தில் அதே முகங்கள் கூடும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். பாட்டுக் குழுவோ, பந்தாட்டமோ, தொண்டு வேலையோ, எதுவானாலும் சரி. வேலைக்குப் போகிறவரோடு துணையாக வந்து வீட்டில் இருப்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு முதல் நாளே இருபது முகங்கள் கிடைக்கின்றன. இவர்களுக்கு நான்கு சுவர்கள். பல நாடுகளில் வேலை செய்யவும் அனுமதி இருக்காது. தயவுசெய்து அவர்களை வாரத்தில் ஒரு மாலையாவது வெளியே அனுப்புங்கள், அன்று குழந்தைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கிடைத்ததும் நான் நூலகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு வாரம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். வேலை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "நேற்றும் உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை" என்றார். அடுத்த புதன்கிழமை, வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.