ஓடுகிற மாதிரியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் அதிகம் பொறுமையைச் சோதிக்கும் சாமான் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: பழுதாகத் தொடங்கிய ஹார்ட் டிஸ்க்.

அடியோடு செத்துப்போன டிஸ்க்கில் தொல்லை குறைவு. கையை விரித்துவிடலாம். அரை உயிரோடு வருகிறதே, அதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும். காலையில் விண்டோஸ் வரும், மத்தியானம் வராது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மேலே பச்சைக் கோடு முக்கால்வாசி ஓடி, அங்கேயே நின்றுவிடும். கொண்டுவந்தவரோ, "நேத்து ராத்திரிகூட நல்லாத்தான் ஓடுச்சுண்ணா, ஃபார்மேட் போட்டா சரியாயிடும்" என்பார். ஃபார்மேட் போட்டால் சரியாகாது. உள்ளே இருப்பதும் போய்விடும்.

உள்ளே நடப்பது இதுதான். பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றுகின்றன. அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கவும் எழுதவும் செய்யும் முனையான ஹெட் மிதக்கிறது. தட்டில் தகவல் பதியும் சின்னச் சின்னப் பகுதிகளுக்கு செக்டார் என்று பெயர். ஒரு செக்டாரைப் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை உடனே ஒப்புக்கொள்ளாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். நாம் ‘ஹேங்’ ஆகிவிட்டது என்று மவுஸைத் தட்டுவது அந்த நேரத்தில்தான். கெட்ட செக்டாருக்குப் பதிலாக, தன்னிடம் உபரியாக இருக்கும் செக்டாரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதற்கு உண்டு. அதனால்தான் ரொம்ப நாள் வரைக்கும் வெளியே ஒன்றும் தெரிவதில்லை.

‘ஸ்மார்ட்’ என்று ஒரு கணக்கை டிஸ்க்கே தன்னைப் பற்றி எழுதி வைத்துக்கொள்ளும். அதைக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய செக்டார், மாற்றக் காத்திருக்கும் செக்டார் என்ற இரண்டு எண்களும் ஏறிக்கொண்டே போனால் உடனே உஷாராக வேண்டும். தகவல் கைமாறும்போது வரும் கோளாறைக் காட்டும் சி.ஆர்.சி. பிழை என்ற எண் மட்டும் ஏறினால், பெரும்பாலும் கோளாறு டேட்டா கேபிளில்தான். விலை குறைந்த சாமான், மாற்றிப் பாருங்கள். ஆனால் எல்லாம் பச்சையாகக் காட்டுகிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. 2007-ல் கூகுள் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்டது. பழுதானவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருக்கின்றன.

பென்னாகரம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஒருவர், ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆன் செய்தால் டிக், டிக், கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி டிக். கல்யாண ஆல்பம் ஒன்றுகூட டெலிவரி ஆகவில்லை. "பேக்கப் இருக்கா?" என்றேன். "இருக்கு, டி டிரைவ்ல ஒரு காப்பி போட்டிருக்கேன்" என்றார். சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கில் தடுத்த இரண்டு அறைகள். வீடே இடியும்போது எந்த அறையில் வைத்தால் என்ன? இதை அவரிடம் சொல்வதற்குள் எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

எங்களிடம் வருவதற்கு முன்பே வேறு யாரோ, விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கருவியான ‘செக் டிஸ்க்’கை ஓட்டியிருந்தார்கள். நல்ல டிஸ்க்கில் அது உதவும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால் மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்து, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கையும் திருத்தி எழுதிவிடும். மிஞ்சுவது ‘ஃபவுண்ட்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் பெயரில்லாத துண்டுகள் வரிசையாக எண் போட்டுக் கிடக்கும். மாப்பிள்ளை எந்தத் துண்டில், பெண் எந்தத் துண்டில் என்று யார் தேடுவது?

டிக் சத்தம் இல்லாமல் வெறுமனே செக்டார் கெட்டிருந்தால் வழி உண்டு. ரிப்பேர் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. சுலபமாகப் படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எங்கே விட்டோம் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்ம ஊருக்கு இது முக்கியம். நேரம்தான் கணக்கில்லாமல் போகும். நாள் கணக்கில் ஓடுவதும் உண்டு. அந்த நாளெல்லாம் கடைக்கு போன் வந்துகொண்டே இருக்கும்: "என்னண்ணா, ஆச்சா?"

அப்புறம் வீட்டு வைத்தியங்கள். டிஸ்க்கை பாலிதீன் கவரில் சுற்றி ஃப்ரீஸரில் வைக்கச் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் ஈரம் கோக்கும்; அந்த ஈரத்தோடு ஓட்டினால் தட்டு போயிற்று. மூடியின் திருகைக் கழற்றி, ஊதிவிட்டு மூடியவர்களையும் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தூசி பறக்கும் ஊர்களில் அதைச் செய்தால் கேட்கவே வேண்டாம். இன்னொரு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை எடுத்து மாட்டுவது பழைய காலத்தில் பலித்தது. இப்போது ஒவ்வொரு போர்டிலும் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பதிந்த சிப் இருக்கிறது. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாவிட்டால் பெரும்பாலும் ஓடாது.

டிக் சத்தம் கேட்டால் ஹெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் ரெக்கவரி லேபில்தான் திறக்க வேண்டும். நமக்குப் பெங்களூர்தான் கிட்டே. புது டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு கேட்பார்கள், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஸ்டூடியோக்காரர் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "இன்னொரு தடவை ஆன் பண்ணிப் பார்க்கலாமா?" என்றார். எல்லோரும் கேட்பதுதான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உடைந்த ஹெட் தட்டைச் சுரண்டலாம். சுரண்டிய இடத்திலிருந்து எந்த லேபாலும் எதையும் எடுக்க முடியாது. ஆகவே கரண்டைப் பிடுங்கி, டிஸ்க்கைக் கழற்றி, அது வந்த மாதிரி சில்வர் கவரில் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நன்றி, வணக்கம்.